பரிசு வாங்கிய பேச்சு

ஞானஜோதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜெபத்துக்குக் கண்ணை மூடினாலும் ஒற்றைக் கண் திறந்து பாஸ்டரைப் பார்த்தது. பிரசங்கமோ இன்றைக்கென்று பார்த்து நீண்டுகொண்டே போனது. சீக்கிரம் முடித்துத் தொலையுங்களேன் என்று மனசு முணுமுணுத்தது. அதற்கு உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அவள் மகள் ஹெப்சி, ஒன்பதாம் வகுப்பு, தாம்பரத்தில் பல பள்ளிகள் கலந்துகொண்ட பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டாள். அஸ்தினாபுரத்தில் அதைக் கேட்காத காது பாக்கி இல்லை. இஸ்திரி போடும் கன்னியம்மாவிடமே இரண்டு தரம் சொல்லியாயிற்று. மிச்சம் சபைதான். ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்ததோடு, "பாப்பா அந்தப் பேச்சைச் சபையில ஒருதரம் பேசட்டும் ஐயா" என்று பாஸ்டரிடம் கேட்டும் வைத்திருந்தாள். 'நான் மதிக்கும் மனிதர்' என்ற தலைப்புக்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெண் மொட்டைமாடியில் தனியாகப் போய்த்தான் பேசிப் பார்த்தது. யாராவது பெரிய தலைவராக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அறிவிப்புகள் தொடங்கியதும் மகளின் தோளை இடித்தாள். "அடுத்து உன்னத்தான் கூப்பிடுவாங்க. போய் அந்தப் பேச்சைப் பேசு."

ஹெப்சியின் முகம் வெளுத்துவிட்டது. "அது வேணாம்மா."

"ஏன்டி, கூச்சமா?"

"அது அப்பாவைப் பத்தி."

"நல்லதுதானே."

"அப்பா சாப்பாடு டெலிவரி பண்றதைப் பத்தி."

ஞானஜோதி சட்டென்று ஆண்கள் பக்கம் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். தேவானந்தத்துக்குக் கம்பெனி வேலை போனது போன வருஷம். சபையைப் பொறுத்தவரை அவர் இன்னும் சூப்பர்வைசர். அப்படியே இருக்கட்டும் என்று முடிவு கட்டியவள் ஞானஜோதிதான். மனுஷன் வீட்டிலிருந்து இஸ்திரிச் சட்டையில் கிளம்பி, வழியில் டெலிவரி டீ-ஷர்ட்டுக்கு மாறிக்கொள்வார். பெண்ணுக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு யாருடி சொன்னது?"

"ஸ்கூல் கேட்ல பார்த்தேன். மழையில நனைஞ்சுகிட்டே எங்க மிஸ்ஸுக்கு லஞ்ச் கொடுத்தாரு."

"ஹெப்சி, முன்னால வாம்மா" என்றார் பாஸ்டர்.

"சங்கீதம் ஏதாவது சொல்லிட்டு வந்துடு" என்று மகளை எழுப்பித் தள்ளிவிட்டாள் ஞானஜோதி.

அவளும் சமர்த்தாக இருபத்துமூன்றாம் சங்கீதத்தை ஒப்பித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாடா என்று போன உயிர் திரும்பி வருவதற்குள், ஆண்கள் பக்கத்தில் தேவானந்தம் எழுந்து நின்றார். வாயெல்லாம் பல்.

"ஐயா, ப்ரைஸ் வாங்குனது இது இல்ல. அதைப் பேசச் சொல்லுங்க. அன்னைக்கு எனக்கு டூட்டி, போக முடியல. நானே இன்னும் கேக்கல."

பாவி மனுஷா, உம்மை யார் எழுந்திருக்கச் சொன்னது?

ஹெப்சி அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு தலையாட்டல் போதும், பெண் இறங்கி வந்துவிடும். ஞானஜோதி ஆட்டத்தான் நினைத்தாள். ஆனால் அத்தனை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடுவே அப்பாவின் பிழைப்பைத் தலைநிமிர்ந்து சொன்னவள், இங்கே தன்னால் அல்லவா திருதிருவென்று முழிக்கிறாள்? ஞானஜோதிக்கு வெட்கமாகப் போயிற்று. பேசு என்று கைகாட்டினாள்.

"நான் மதிக்கும் மனிதர் என் அப்பா" என்று ஹெப்சி தொடங்கினாள். "மழையில் நனைந்துகொண்டு அவர் என் பள்ளிக்கு உணவு கொண்டுவந்த நாளில், அவரைப் பார்த்து நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்று செய்ததற்காகவே இன்று எல்லோர் முன்னும் நிற்கிறேன்."

தேவானந்தத்தின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. உட்காரவும் தோன்றாமல் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் அண்ணாந்து அவரையே பார்த்தார்கள்.

ஞானஜோதி எழுந்தாள். அந்தச் சபையில் பெண்கள் யாரும் ஆண்கள் பக்கம் போய் உட்காருவதில்லை. அவள் நடுவழியைத் தாண்டிப் போய், புருஷன் கையைப் பிடித்து, அவரோடு நின்றே மிச்சப் பேச்சைக் கேட்டாள்.