பினாயில் ஊற்றாத இறால்

கிரிக்கெட் மைதானத்தின் மேல்மாடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஏசியில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிற பெரிய மனிதர்களுக்குச் சாப்பாடு பரிமாறும் அணிக்கு ரஞ்சிதம்தான் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே பதினான்கு பெண்கள். மெரூன் கோட்டு, கறுப்புப் பேண்ட், தலையில் வலை. போட்டி தொடங்கி எட்டு நாளாகியும் ஒருத்தியும் ஒரு ஓவரைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. கூட்டம் கத்தினால் சிக்ஸரோ விக்கெட்டோ என்று தெரியும், அவ்வளவுதான்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. விருந்து மேசையில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்த சாப்பாட்டைக் கொட்டிவிட வேண்டும். சும்மா கொட்டினால் போதாது, யாரும் எடுத்துத் தின்றுவிடாதபடி மேலே பினாயில் ஊற்ற வேண்டும். ஊற்றிய நேரத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதிய மகராசன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதியிருப்பான். ரஞ்சிதத்தின் அப்பா வேலை பார்த்த மில்லை மூடியபோது அவளுக்குப் பத்து வயது. பசி என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் ஏழு நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள்.

எட்டாம் நாள் இறுதிப் போட்டி. மழை வந்து ஆட்டம் நின்றது. விருந்தினர்கள் நகர்வதாக இல்லை, கொறித்துக்கொண்டே இருந்தார்கள். பணியாளர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த வேனில் பாஸ் ஒட்டவில்லையென்று கேட்டில் மறித்துவிட்டார்கள். ரஞ்சிதம் மேலாளர் விஜயராகவனுக்கு ஐந்து தடவை போன் போட்டாள். ஐந்து தடவையும் ஒரே பதில், “வந்துடும்மா.”

ரெட்டியார்பாளையத்திலும் நோணாங்குப்பத்திலும் காலை ஆறு மணிக்கு பஸ் ஏறிய பெண்கள் அதுவரை ஒரு வாய் சாப்பிடவில்லை. நாலரை மணிக்கு சுடர்விழி என்ற பெண் தட்டோடு சுவரில் சாய்ந்துவிட்டாள். அதே நேரம் மேசையிலிருந்து இறால் வறுவல் பாதித் தட்டு மிச்சமாகப் பின்கட்டுக்கு வந்தது. ரஞ்சிதம் பினாயில் பாட்டிலை எடுத்தாள். தட்டைப் பார்த்தாள். பாட்டிலைக் கீழே வைத்தாள்.

“கதவ சாத்துங்கடி. ஆளுக்கு ரெண்டு வாய் தின்னுட்டு ஓடுங்க.”

பின்கட்டில் அப்போது இருந்தது சுடர்விழியோடு சேர்த்து ஐந்து பெண்கள். அவர்களில் அன்புசெல்வி என்பவளின் இரண்டு கையிலும் கண்ணாடித் தம்ளர் தட்டு இருந்தது. “நீ வாயத் தொற” என்று ரஞ்சிதமே முதல் வாயை அவளுக்கு ஊட்டினாள். மற்ற நாலு பேரும் தட்டை வழித்துவிட்டார்கள். ரஞ்சிதத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. நோட்டில், ‘4.45, பினாயில் ஊற்றப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஏழு மணிக்கு ஐந்து பேரும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கிடந்தார்கள். வாந்தி நிற்கவில்லை. சுடர்விழிக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது.

“என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார் டாக்டர்.

ரஞ்சிதம் வாயைத் திறப்பதற்குள் அன்புசெல்வி முந்திக்கொண்டாள். “எங்க வூட்டுக் கருவாட்டுக் கொழம்பு டாக்டர். நான்தான் எடுத்தாந்தேன். பிரிச்சித் தின்னோம்.” மற்றவர்களும் தலையாட்டினார்கள். ரஞ்சிதத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“வீட்ல வேற யார் சாப்பிட்டாங்க? உங்க அம்மாவ வரச் சொல்லுங்க, விசாரிக்கணும்” என்று சொல்லிவிட்டு டாக்டர் சுடர்விழியிடம் போனார். அன்புசெல்வியின் அம்மா வீராயி மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவள் வீட்டுக் குழம்பு ஐந்து பேரைச் சாய்த்தது என்று ஒரு வார்த்தை வெளியே போனால், நாளைக்கு அவள் கூடைப் பக்கம் யார் வருவார்கள்?

போன் அடித்தது. விஜயராகவன்.

“இன்னா சொன்னாங்க பொண்ணுங்க?”

சொன்னாள். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

“அப்பாடா. அப்படியே இருக்கட்டும்மா. நோட்டுல பினாயில் ஊத்துனதா உங்க கையெழுத்து இருக்கு. நீங்க வாயத் தொறந்தா வேலையோட போவாது, போலீஸ் கேசாயிடும். யோசிச்சிக்குங்க.”

யோசித்தாள். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பேசாமல் நின்றாலே போதும், தப்பித்துவிடலாம். அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. விறுவிறுவென்று டாக்டரிடம் போனாள்.

“கருவாடு இல்ல டாக்டர். எறா வறுவல். பன்னண்டரைக்கு மேசையில வச்சது. அடியில சூடு காட்டுற திரி எப்போ அணைஞ்சிதுன்னு நான் பாக்கல. கொட்ட வேண்டியத நான்தான் இதுங்களத் தின்னச் சொன்னேன். அந்தப் பொண்ணு பொய் சொல்லுது.”

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பேரைக் கேட்டார், என்ன பொறுப்பு என்று கேட்டார், இரண்டையும் எழுதிக்கொண்டார். நர்ஸிடம் மருந்து மாற்றச் சொன்னார்.

ரஞ்சிதம் அன்புசெல்வியின் கட்டிலுக்கு வந்தாள். “என்னைக் காப்பாத்த உங்கம்மாவ மாட்டிவுடுவியாடி? யாரு கேட்டா உன்ன?”

“உங்களுக்காக மட்டும் இல்லக்கா.” அன்புசெல்வி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். “நான் மீன்காரிக்குப் பொறந்தவ. வாயில வச்சதுமே எறா கெட்டுப்போச்சின்னு தெரிஞ்சிடுச்சி. நீங்க ஆசையா ஊட்டிவுட்டீங்க, எப்படித் துப்புறது? முழுங்கிட்டேன். முழுங்கிட்டு, தின்னாதீங்கடின்னு அதுங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லலக்கா.”

அடுத்த கட்டிலில் சுடர்விழிக்கு இரண்டாவது பாட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க இருவருக்குமே தைரியம் வரவில்லை.