நஃபுலாவின் ஆடி

நகுருவின் ஏரிக்கரை விண்மீன் சங்கத்தில் சேர ஒரே ஒரு விதிதான். தொலைநோக்கியின் ஆடியை அவரவரே தேய்க்க வேண்டும். கடையில் வாங்கிய கருவியோடு வருகிறவனுக்கு டீ கிடைக்கும், உறுப்பினர் இடம் கிடைக்காது.

அந்த விதிதான் நஃபுலாவை இழுத்தது. அப்பன் யார், எந்தப் பள்ளி என்று கேட்கவில்லை, கையைத்தான் கேட்டார்கள். புங்கோமாவில் கரும்பு வெட்டுகிற வீட்டிலிருந்து பௌதிகம் படித்து வந்தவளிடம் அது ஒன்றுதான் இருந்தது. மழைக்காலம் முழுவதும் வாடகை அறையில் தகர டிரம்மின் மேல் கண்ணாடியை வைத்து, தேய்ப்புப் பொடி தூவி, சுற்றிச் சுற்றி நடந்து தேய்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையும் மாவு அரைக்கிறியாடி?" என்று பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டுவாள்.

பூச்சுக்கு அனுப்பிய ஆடி வெள்ளிப்பூச்சோடு சங்கத்துக்குத் திரும்பி வந்த சனிக்கிழமை மத்தியானம், சங்கத் தலைவர் டாக்டர் செருயோட் தொண்டையைக் கனைத்தார்.

"நம்ம கிப்ரோனோ தன் ஆடியைக் கீழ போட்டு உடைச்சுட்டான், பாவம். வெளிநாட்டுக்குப் படிக்கப் போற பையன், உறுப்பினர்னு இருந்தா உதவும். இதை அவனுதுன்னு வச்சுக்குவோம், மகளே. நீ இன்னொண்ணு தேய்ச்சுக்க. உங்க பக்கத்து ஆளுங்களுக்கு உழைப்பு தண்ணி பட்ட பாடாச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவருடைய அக்கா மகன் கிப்ரோனோ மண்டாசி பணியாரத்தை மென்றபடி, "தேங்க்ஸ்க்கா. கை வலிக்கலையே?" என்றான்.

"அப்ப விதி?" என்றாள் நஃபுலா.

"எழுதினவனே நான்தானேம்மா. சரி, குழாய்க்குள்ள நீயே பொருத்திடு. எங்க கையெல்லாம் எண்ணெய். பட்டா பூச்சை அரிச்சுடும்."

அவள் தட்டிலிருந்து ஒரு மண்டாசியை எடுத்து நிதானமாகத் தின்று முடித்தாள். பிறகு பெருவிரலை ஆடியின் மேல் வைத்து அழுத்தினாள். நடுவில் இல்லை, அங்கே குழாயின் வாய்ப்பக்கம் மாட்டுகிற சின்ன ஆடியின் நிழல் மறைத்துவிடும். தள்ளி, நல்ல வெளிச்சத்தில்.

"அடிப்பாவி, என்ன பண்ற!"

"என் ஆடி. அடையாளம் வேணாமா, டாக்டர்?"

ஒரு விரல் ரேகையால் வானத்து வியாழன் மங்கிவிடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அது அங்கே இருக்கும். கரும்பாலையில் கூலி வாங்க அம்மா வைக்கிற கைநாட்டு போலவே இருந்தது. அந்த வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போடப் படித்தவள் நஃபுலாதான்.

வெளியே வந்து பேருந்துக்கு நின்றாள். இன்னும் இருட்டவில்லை. அந்த ஆடியில் அவள் ஒரு நட்சத்திரம்கூடப் பார்த்ததில்லை.