உடம்பு வேண்டும்

செங்கால் மரத்தவளை உலகத்திலேயே இல்லை, பூண்டோடு அழிந்துவிட்டது என்று அறிவித்தவர் பேராசிரியர். அந்த ஒரு கட்டுரையை வைத்தே பதவி, பட்டம், கைதட்டல் எல்லாம் வாங்கிவிட்டார். எந்த உயிரினம் இருக்கிறது, எது அழிந்தது என்று முடிவு செய்கிற குழுவுக்கும் இப்போது அவர்தான் தலைவர். இல்லாத தவளை திரும்பி வந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? அதுவும் மருமகள் கையில் உட்கார்ந்துகொண்டு.

மருமகளுக்கும் அதே அருங்காட்சியகத்தில்தான் வேலை. ஓடைக்கரைக் காட்டில் மரம் வெட்ட ஏலம் முடிந்திருந்தது. அங்கே இந்தத் தவளை உயிரோடு இருக்கிறது என்று குழு ஒப்புக்கொண்டால் ஒரு கிளையைக்கூடத் தொட முடியாது, சட்டம் அப்படி. மழைக்காலம் முழுக்கச் சேற்றில் கிடந்து ஒன்றே ஒன்றைப் பிடித்தாள். துளையிட்ட டப்பாவில், ஈர இலைமேல், அது பேராசிரியரின் மேசையில் உட்கார்ந்து கண் சிமிட்டியது.

"படம் எடுத்திருக்கேன் மாமா. நீங்களே நேர்ல பாக்குறீங்க. போதாதா?"

"எனக்குப் போதும்மா, குழுவுக்குப் போதாது. மருமக காட்டினாளாம், மாமனார் தலையாட்டினாராம்னு நாளைக்குச் சிரிப்பாங்க. விதின்னா விதி. சீசாவுல போட்டு வைக்க உடம்பு வேணும்."

"ஒண்ணுதான் மாமா கிடைச்சுது."

"ஒண்ணு இருக்குற இடத்துல பத்து இருக்காதா? உனக்குத் தெரியாததா?"

அவர் குரலில் அவ்வளவு பாசம். பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். அப்பா முன்னால் அவனுக்கு வாய் என்று ஒன்று இருந்ததே இல்லை.

"அப்பா சொல்றது சரிதானே," என்றான், நிமிராமல்.

தவளையை வலியில்லாமல் கொல்ல, பல்வலிக்கு ஈறில் தடவுகிற ஜெல்லைத்தான் பயன்படுத்துவார்கள். வயிற்றில் தடவினால் மரத்துப்போய் அடங்கிவிடும். அவளே தடவினாள். காடு பிழைக்கும், காடு பிழைக்கும் என்று சொல்லிக்கொண்டே தடவினாள். தவளை அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. பிறகு விட்டுவிட்டது. தட்டில் கிடத்தி, கால்விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவைத்து, வயிற்றைக் கீறினாள். உள்ளே முழுக்க முட்டை. அவளுக்கு அழுகை வந்தது.

பேராசிரியர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். "அடடா, நல்ல ஆரோக்கியமான பெண். ஆண் ஏதாவது கண்ணுல பட்டுச்சா?"

"இல்ல மாமா."

"கத்துற சத்தமாவது?"

"இல்ல."

"சரி, சரி," என்றார், திருப்தியாக.

குழு கூடியபோது அவளை வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். கூட்டம் முடிந்து வந்த பேராசிரியர் அவள் தோளைத் தட்டினார்.

"இருக்குன்னு போடணும்னா இன்னைக்கு உயிரோட ஒண்ணாவது இருக்கணும்ல? இருந்த ஒண்ணும் சீசாவுல இருக்கு. நான் வருஷத்தைத்தான் தப்பாச் சொல்லியிருக்கேன். திருத்திட்டேன். அழிஞ்சது இந்த வருஷம்."

"நீங்கதானே மாமா உடம்பு கேட்டீங்க?"

"கேட்டேன். கொன்னது நீதானேம்மா? கவலைப்படாதே, கடைசித் தவளையைப் பிடிச்சவங்கன்னு சீசா மேல உன் பேரையே போடச் சொல்லியிருக்கேன்."

அடுத்த வாரம் ஓடைக்கரைச் சாலையில், மரம் ஏற்றிய லாரிக்கு வழிவிட்டு அவள் கணவன் காரை ஓரங்கட்டினான்.

"அப்பா லேசுல யார் பேரையும் போடமாட்டாரு," என்றான் பெருமையாக. "உனக்குன்னதும் போட்டிருக்காரு பாரு."