வடிவம்மாள் வீட்டு அடுப்படிப் பலகையின் கனம்

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் ஏழாம் லயத்து வடிவம்மாள் வீட்டு அடுப்படிப் பலகை, 1979-ஆம் ஆண்டு மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின வாரம், ஒரு டிராக்டரைவிடக் கனமாகிவிட்டது. பலகையின் நீளம் ஆறடி, அகலம் இரண்டடி, தடிமன் இரண்டு அங்குலம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே பலகையை வடிவம்மாளின் புருஷன் இராமையாவும் பக்கத்து வீட்டு அல்போன்ஸும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, வழியில் இரண்டே தடவை இறக்கி வைத்து, பேக்டரியிலிருந்து லயம் வரைக்கும் தூக்கி வந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அதில் யாரும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றவில்லை. ஏறியதெல்லாம் அலுப்புதான். அந்த வருஷம் மழை கொஞ்சம் கூடுதல், முட்டைக்கோஸ் விலை மட்டம்.

பலகை வந்த கதை இது. 1973 வரைக்கும் அந்த லயத்துப் பெண்கள் எல்லோரும் குந்தி உட்கார்ந்துதான் சமைத்தார்கள். பகல் முழுக்க மலைச்சரிவில் குனிந்து கொழுந்து எடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து மறுபடியும் தரையில் மடங்கி உட்கார்ந்து அடுப்பை ஊத வேண்டும். எழுந்திருக்கும்போது முழங்கால் படார் என்று சொல்லும். துரை பங்களாவில் கிறிஸ்துமஸுக்குப் பாத்திரம் கழுவப் போன மேவிஸ், அதாவது அல்போன்ஸின் பெண்சாதி, அங்கே சமையல்காரர் நின்றுகொண்டே வெங்காயம் நறுக்குகிறார் என்று வந்து சொன்னாள். அன்றைக்குப் பிடித்தது வடிவம்மாளுக்கு அந்த ஆசை. "எனக்கு நகை வேணாம், சீலை வேணாம். நின்னுகிட்டு சோறாக்கணும். அவ்வளவுதான் கேக்குறேன்" என்று இராமையாவிடம் சொல்லிவிட்டாள். அவர் பேக்டரியில் இலை உருட்டும் மெசின் பார்ப்பவர், தச்சர் இல்லை. ஆனாலும் அந்த மாதம் பேக்டரியில் கொழுந்து வாட்டும் பழைய மாடியைப் பிரித்துப் போட்டு, விறகுக்கு வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னபோது, நாற்பது வருஷம் இலையைத் தாங்கிய இரண்டு மெராந்தி மரப் பலகைகளை அவர் விறகாக்க மனசில்லாமல் ஒதுக்கி வைத்தார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. இரண்டு பலகைகளின் ஓரத்தையும் இழைத்து, ஒட்டி வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. அதற்கே இரண்டு ஞாயிறு போனது. பசை தடவி, மர ஆணி அடித்து, இறுக்கிப் பிடிக்கக் கருவி இல்லாததால் கயிற்றைச் சுற்றி, அதில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி முறுக்கி வைத்தார். மலையில் பனி ஏறினால் மரம் உப்பும், வெயிலடித்தால் சுருங்கும் என்பதால் அடிக்கட்டைக்குத் துளையைக் கொஞ்சம் நீளமாகவே போட்டார். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை அழிந்தது. பிறகு தேங்காயெண்ணெய், நாலு பூச்சு. பேக்டரியிலேயே வேலை முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த பின்தான் லயத்துச் சுவர் நேராக இல்லை என்பது தெரிந்தது. சுவரின் வளைவைப் பென்சிலால் பலகையில் வரைந்து, அந்தக் கோட்டிலேயே அறுத்துச் சுவரோடு பொருத்தினார். இவ்வளவு நுணுக்கமாகச் செய்த மனுஷன் ஒரே ஒரு இடத்தில் கோட்டை விட்டார். கால்களின் உயரத்துக்கு அளவெடுக்க வடிவம்மாளைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தியது சாயங்காலம் ஆறு மணிக்கு. அவள் அப்போதுதான் கூடையை இறக்கியிருந்தாள்.

தேயிலைத் தோட்டத்தில் மனிதர்களுக்கு இரண்டு உயரம் உண்டு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேக்டரிக்குள்ளேயே இருந்தவர், பாவம், மறந்துவிட்டார். பலகையைப் பொருத்திய மறுநாள் காலை வடிவம்மாள் போய் நின்றால், மேடை நாலு அங்குலம் பள்ளத்தில் கிடந்தது. "என்னங்க, இது எனக்குச் செஞ்சதா, நம்ம சரோஜாவுக்குச் செஞ்சதா?" என்றாள். மகள் சரோஜாவுக்கு அப்போது பத்து வயது. இராமையா தலையைச் சொறிந்தார். "நேத்து சரியாத்தானே இருந்துச்சு லா. விடு, வர்ற ஞாயித்துக்கிழம கட்ட குடுத்துத் தூக்கிடலாம்" என்றார். கட்டையும் அறுத்து வைத்தார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வடிவம்மாள் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு அவரைக் கிட்டவே விடவில்லை. பலகை தாழ்வாக இருந்ததால், எதைச் செய்வதற்கும் இரண்டு உள்ளங்கையையும் அதில் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் அதன்மேல் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படிக் கொடுத்தால், தோள்பட்டையில் இருந்த வலி முழங்கைக்கு வந்து, அங்கிருந்து மணிக்கட்டுக்கு வந்து, உள்ளங்கை வழியாகப் பலகைக்குள் இறங்கியது. இறங்கும்போது அரிசி மூட்டையைத் தரையில் வைத்த மாதிரி மெல்ல ஒரு சத்தம். ஐந்து நிமிஷத்தில் அவள் காலையில் எழுந்த உயரத்துக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் நிமிர்ந்து நின்றுதான் சோறாக்கினாள். பலகை நாலு அங்குலம் தாழ்வு என்பது ஒரு குறையாகவே படவில்லை.

தேங்காய்த் துருவி கேட்டு வந்த மேவிஸ் தற்செயலாகக் கையை ஊன்றியதில் விஷயம் வெளியே போனது. ஒரு மாதத்துக்குள் சாயங்காலமானால் வடிவம்மாள் வீட்டுப் பின்வாசலில் வரிசை நின்றது. மொத்தம் முப்பத்தெட்டுப் பெண்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம். எண்ணெய்க் கையோடு வரக் கூடாது. ஊன்றிக்கொண்டே மாமியார் கதை பேசக் கூடாது, பேசினால் நேரமாகிறது. "சீக்கிரம் எடுடி கைய, எனக்கும் இடுப்பு ஒடியுது" என்று பின்னாலிருந்து சத்தம் வரும். 1975-இல் சமையலறைத் தரையின் சிமெண்டு விரிசல் விட்டது. இராமையா கால்களுக்கு அடியில் இரும்புத் தகடு கொடுத்தார். அடுத்த வருஷம் தகடும் அமுங்கியது.

பெண்கள் அலுப்பில்லாமல் மலை ஏறினால் அது தராசில் தெரியாமல் போகுமா? கொழுந்து நிறுக்கும் நல்லுசாமி கங்காணி வழக்கப்படி கூடைக்கும் பனித்தண்ணிக்கும் என்று இரண்டு கிலோ கழித்துவிட்டுத்தான் எழுதுவார். கழித்த பிறகும் ஆளுக்கு ஆறு கிலோ கூடுதலாக நின்றது. கங்காணி கெட்டவர் இல்லை, ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். ஆபீசில் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷப்பட்டு, ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தை முப்பது கிலோவிலிருந்து முப்பத்தாறு கிலோவாக்கினார்கள். வேறென்ன செய்வார்கள்! அன்றிலிருந்து பெண்கள் பழையபடியே அலுத்துப்போய் வந்தார்கள், பலகைக்கு மட்டும் இரண்டு மடங்கு வேலை. இப்படியாகத்தான் அது 1979-இல் டிராக்டரின் எடையைத் தாண்டியது.

அந்த எடை தெரியவந்தது, புதிதாக வந்த துரை அதைக் காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு மாற்றச் சொன்னதால். எல்லா லயத்து ஆட்களுக்கும் பயன்படட்டும் என்ற நல்லெண்ணம். இருபது ஆண்கள் கடப்பாரையோடு வந்து முக்கினார்கள். கயிறு கட்டி டிராக்டரில் இழுத்தபோது டிராக்டரின் முன்சக்கரங்கள்தான் மேலே கிளம்பின. கடைசியில் தோட்டத்துத் தச்சர், துண்டு போட்டு எடுத்துவிடலாம் என்று ஒரு மூலையில் ரம்பத்தை வைத்தார். தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு உதிர்ந்தது. அதே நேரத்தில், இரண்டு மைல் தள்ளி மலையில் நின்ற மூன்று பெண்கள் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள், இருட்டும்வரை எழுந்திருக்க முடியவில்லை. மரத்தூளை முகர்ந்த தச்சர் மூன்று நாள் தூங்கினார். அதற்கப்புறம் யாரும் ரம்பத்தோடு அந்தப் பக்கம் வரவில்லை.

இராமையா 1981-இல் போய்ச் சேர்ந்தார். பத்து மணித் தேத்தண்ணிக்கு மெசினை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார், மணி அடித்தபோது எழுந்திருக்கவில்லை. டாக்டர் இருதயம் என்று எழுதினார். வடிவம்மாள் பதினாறாம் நாள் முடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். 1985-இல் அவளுக்கு ஐம்பத்தைந்து வயதானது. வேலையிலிருந்து நிறுத்தினார்கள், ஒரு மாதத்தில் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. சரோஜாவைக் கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த விஜயனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள், அங்கே போய்விடலாம். ஆனால் கடிதத்தில் கடைசி வரி ஒன்று இருந்தது. வீட்டில் விட்டுச் செல்லும் மரச்சாமான்கள் அறுக்கப்பட்டு பேக்டரி அடுப்புக்கு அனுப்பப்படும் என்று. புருஷன் அவளுக்கென்று கையால் செய்து கொடுத்தது ஒன்றே ஒன்று. அதுவும் போகட்டும், முப்பத்தெட்டுப் பேரின் பன்னிரண்டு வருஷத்து அலுப்பை ஒரே நாளில் அறுத்துக் கொட்டினால் அந்த மலையில் யார் மிஞ்சுவார்கள்?

ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். கணக்கெழுதும் ஆர்தர் கிராணி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "வீடு தோட்டத்து வீடும்மா. பலக உங்க பலக. தூக்கிட்டுப் போனா யாரும் கேக்க மாட்டாங்க லா."

"எப்பிடிங்கய்யா தூக்குறது?"

"அத லெட்டர்ல போடலம்மா" என்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வழி சொன்னது மேவிஸ்தான். வடிவம்மாள் வீட்டு வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "நீங்க ஏன்க்கா அழுவுறீங்க? நாங்க வச்சத நாங்க எடுத்துக்கிறோம். நீங்களா சுமந்துட்டுப் போவப் போறீங்க?" என்றாள். சொன்னதோடு நிற்காமல் லயம் லயமாகப் போய்க் கூப்பிட்டாள். கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். வேறு தோட்டத்துக்குப் போனவர்கள், கியா பார்மில் பூ கட்டப் போனவர்கள், பஸ் பிடித்து வந்தார்கள். செத்துப்போன நாலு பேரின் பங்குக்கு அவரவர் மகள்கள் வந்தார்கள். வரிசையாக நின்று, ஒவ்வொருத்தியும் உள்ளங்கையை ஊன்றி, இந்தத் தடவை உள்ளே விடாமல் வெளியே இழுத்தாள். எது தன்னுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தன் செருப்பு காலுக்குத் தெரியாதா? காளியம்மா, நிறைமாதத்தில் வைத்த அலுப்பைத் திரும்ப எடுத்தபோது, அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயதாகியும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எடுத்தவர்கள் வெளியே போய்ச் சாக்கடை ஓரமாக உட்கார்ந்தார்கள். மேவிஸ், "ஐயோ ஏசுவே, இவ்வளவா வச்சிருந்தேன்?" என்றாள். உள்ளே தரை ஒரு விரல்கடை மேலே எழும்பியது.

கடைசியாக வடிவம்மாள் தன்னுடையதை எடுத்தாள். எடுத்து முடித்தபோது பலகைக்குச் சமமாகக் குனிந்திருந்தாள். விஜயனும் அல்போன்ஸும் வந்து முனைக்கு ஒருவராகப் பிடித்தார்கள். பலகை அசையவில்லை.

யாராவது வராமல் விட்டார்களா என்று விரல்விட்டு எண்ணினார்கள். ஒருத்தியும் விடுபடவில்லை. வடிவம்மாள் பலகையை ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டே போனாள். சுவரை ஒட்டிய இடது மூலையில் கை நின்றது. அந்த மூலையில் பெண்கள் யாரும் ஊன்றியது கிடையாது, முன்விளிம்பில்தான் ஊன்றுவார்கள். காலை நாலரை மணி ஷிப்டுக்குப் போகுமுன் இராமையா அங்கே கையை ஊன்றி நின்றுதான் கோப்பி குடிப்பார். அவளை எழுப்பக் கூடாது என்று விளக்கைக்கூடப் போட மாட்டார். கோப்பை வைக்கிற சத்தம் மட்டும் அவளுக்குத் தூக்கத்தில் கேட்கும்.

"இந்த மனுசன் ஒரு நாளாச்சும் வாயத் தொறந்தாரா?" என்று வடிவம்மாள் சொன்னாள். "கேட்டா, எனக்கென்ன லா, மெசின்தானே ஓடுதும்பாரு. நானும் அப்பிடியே நம்பிட்டேன்." சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதாள்.

சரோஜா ஓடிவந்து தோளைப் பிடித்தாள். "அம்மா, அது வேணாம்மா. ஒங்களுது ஒண்ணையே ஒங்களால தாங்க முடியல. அப்பாதான் போய்ட்டாரே."

"அவரு போய்ட்டாரு. இது போவலையே. பேக்டரி பாய்லருக்கா குடுக்கச் சொல்ற?"

அவள் இரண்டு கையையும் அந்த மூலையில் வைத்தாள். ஓர் உலை கொதிக்கிற நேரம் ஆனது. கையை எடுத்த பிறகு விஜயன் ஒருவனே பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு லோரிக்குப் போனான்.

கம்போங் ராஜா வீட்டில் அதை அவன் காலையில் அளவெடுத்துச் சரியான உயரத்தில் பொருத்தியிருக்கிறான். சரோஜா நிமிர்ந்து நின்று சமைக்கிறாள். பலகை இப்போது சும்மா பலகைதான், மஞ்சள் கறை பட்டிருக்கிறது. வடிவம்மாள் தினமும் மத்தியானம் இரண்டு தடவை படுக்கிறாள். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை அவளுக்காக. எழுந்து, முகம் கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பாள். பிறகு மூன்று மணிக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, நாலரை வரை குறட்டை விடுவாள். அது ஆண்பிள்ளைக் குறட்டை. முட்டைக்கோஸ் ஏற்ற வரும் லோரிக்காரர் அந்த நேரத்தில் வந்து, அம்மா இன்னுமா எழுந்திருக்கவில்லை என்று கேட்டால், சரோஜா ரேடியோவைக் குறைத்துக்கொண்டே, "அம்மா அப்பவே எந்திரிச்சிட்டாங்க. இப்ப அப்பா தூங்குறாரு" என்பாள். லோரிக்காரரும் தலையாட்டிவிட்டு, ஏற்றி முடித்ததும் இஞ்சினைப் போடாமல், வண்டியைச் சரிவில் உருளவிட்டே சாலைக்குக் கொண்டுபோவார்.