ஈர்க்கு நனையாத தாங்கி

கொட்டாஞ்சேனைக் கிளறன்ஸின் திரீவீல், நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த ஜூலை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து பெற்றோல் இல்லாமல் ஓடத் தொடங்கியது. பார்வைக்கு அது ஓடக்கூடிய வண்டியே அல்ல. கூரைத்துணி கிழிந்து தைத்தது, இடப்பக்கக் கண்ணாடி கிடையாது, பச்சை நிறம் லைசன்ஸில் மட்டும் மிச்சமிருந்தது. பெற்றோல் தாராளமாகக் கிடைத்த காலத்திலேயே கொஞ்சம் வசதியான ஆட்கள் அதைக் கைகாட்டி நிறுத்தமாட்டார்கள்.

கிளறன்ஸின் மனைவி மெற்றில்டாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. வாரத்தில் இரண்டு முறை பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கழுவ வேண்டும். தவறினால் கால் வீங்கும், பிறகு மூச்சு முட்டும், அதற்குப் பிறகு பாதிரியாரைக் கூப்பிட வேண்டியதுதான். டொக்டர் இதைக் கிளறன்ஸிடம் தனியாகத்தான் சொன்னார் என்றாலும் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். அந்த ஒழுங்கையில் யன்னல்களைக் காற்றுக்காக மட்டும் திறப்பதில்லை.

திரீவீல்காரர்கள் தாங்கிக்குள் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை விட்டு, எதுவரை நனைகிறதென்று பார்ப்பார்கள். அது சொன்னால் சொன்னதுதான். அன்று ஈர்க்கை விட்டுப் பார்த்தவன், ஸ்டாண்டில் அவனோடு கூட ஓடும் இப்திகார். "மச்சான், சுத்தமாக் காஞ்சி ஈக்கி. மணம் கூட இல்ல" என்றான். பெற்றோல் ஷெட்டில் இரண்டு நாள் நின்று வெறுங்கையோடு திரும்பிய கிளறன்ஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பஸ்களும் டீசலில்லாமல் படுத்துவிட்டிருந்தன. அப்போது மெற்றில்டா, பூசைக்குப் போகும் நீலச் சேலையை உடுத்திக்கொண்டு, வீங்கிய காலோடு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

"என்னத்த ஊத்தி ஸ்டார்ட் பண்ண? உன்ட கண்ணீரையா?"

"ஆண்டவர் பார்த்துக்குவார். நீங்க தாங்கியப் பார்க்காதீங்க, ரோட்டப் பாருங்க."

நோயாளியோடு சண்டை பிடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் கிளறன்ஸ் ஸ்டார்ட் பண்ணினான். வண்டி பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனது, காத்திருந்தது, திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமையும் அப்படியே.

ஒழுங்கை இதை இலேசில் விடவில்லை. சுகம் விசாரிக்க வந்தவர்கள் மெற்றில்டாவின் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி குசினி வரை போய், தண்ணீர் வாளியை மணந்தும் பார்த்தாள். மாடிவீட்டு ஸ்ரீஸ்கந்தராசா ஓய்வுபெற்ற கணக்காளர். அவருடைய வெள்ளைக் கார் தினமும் துடைக்கப்பட்டு அசையாமல் நின்றது. "உவன் எங்கயோ பெற்றோல் பரலைத் தாட்டு வச்சிருக்கிறான். காத்தில ஓட உதென்ன, பட்டமே?" என்றார் அவர். பரல் அகப்படாதபோது அவருடைய குரல் கனிந்தது. அதுதான் ஆபத்தாகப் போனது. "கிளறன்ஸ், நடுறோட்டில நிண்டா அந்தப் பிள்ளையை ஆர் தூக்கிறது? ஒருக்கா எண்டாலும் திறந்து பாருமன்."

அந்தக் கதை கிளறன்ஸின் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. அடுத்த செவ்வாய் ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தபோது, அவன் இறங்கிப் பின்னால் போய், மூடியைத் திறந்து ஈர்க்கை விட்டான். ஈர்க்கு விறகாய் வந்தது. அந்தக் கணமே இயந்திரம் அடங்கிவிட்டது. பச்சை விழுந்தது, பின்னால் ஹோன்கள் அலறின, பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "தள்ளு அய்யே, தள்ளு! எங்களுக்குப் பின்னால வந்து நில்லு!" என்று ஒருவன் கத்தினான். உள்ளே மெற்றில்டாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. அவளைத் தூக்கி ஓடினாலும் பாதி வழிக்கு மேல் தாங்காது என்று கிளறன்ஸுக்குத் தெரியும்.

அவள் தலையை வெளியே நீட்டினாள். "பார்த்தாச்சா?"

"பார்த்தேன் மெற்றி. ஒண்ணுமே இல்ல."

"நேத்தும் ஒண்ணுமில்ல. முந்தநாளும் ஒண்ணுமில்ல. ஏறுங்க."

கிளறன்ஸ் மூடியை இறுக்கினான். ஈர்க்கை முறித்து, ரோட்டோரத்துச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தான். ஏறி உட்கார்ந்து, ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணினான். வண்டி முழங்கிக்கொண்டு எழும்பிய எழும்பலில் ஹோன்களெல்லாம் வாயடைத்தன. வரிசையில் நின்றவர்கள், இடம் பறிபோகும் என்பதையும் மறந்து, விசிலடித்துக்கொண்டு மருதானைப் பக்கமாய்ப் பின்னால் ஓடினார்கள். கத்தியவன்தான் முன்னுக்கு ஓடினான். மெற்றில்டா ராணி மாதிரிக் கையசைத்துக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். மூச்சுக்குத் தவித்தவள் கையசைத்திருப்பாளா என்று கேட்டால், அசைத்தாள், அவ்வளவுதான்.

பிறகு கப்பல் வந்தது, பெற்றோலும் வந்தது. ஊரோடு ஒத்துப்போக வேண்டுமென்று கிளறன்ஸும் கொஞ்சம் ஊற்றினான். வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. ஊற்றியதை வடித்து ஸ்ரீஸ்கந்தராசாவின் காருக்குக் கொடுத்தபோது, அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, கார் வாசலில் நிற்கும்போதே, அவரும் மனைவி ஜெகதீஸ்வரியும் கோயிலுக்குப் போனது கிளறன்ஸின் திரீவீலில். முழுக் கூலியும் வாங்கினான், பெற்றோல் விலை ஏறும்போதெல்லாம் கூலியையும் ஏற்றுகிறான் என்பது மட்டுமே இன்றுவரை ஒழுங்கையின் முறைப்பாடு.

இந்த வருடமும் வண்டியைப் புகைச் சோதனைக்குக் கொண்டுபோனார்கள். சோதிக்கிற பெடியன் குழாயைச் செருகினான், திரையில் பூச்சியம். வேறு மெஷினைக் கொண்டுவந்து பார்த்தான், அதிலும் பூச்சியம். மூன்றாவதுக்கு அவன் திரும்பியபோது பின்சீட்டிலிருந்து மெற்றில்டா கேட்டாள்: "இன்னும் எத்தனை தரம் தம்பி சோதிப்பீங்க? எனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாகுது."

அவன் பூச்சியத்தையே அச்சடித்து, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, அடுத்த வண்டியைக் கூப்பிட்டான்.