நாற்காலிக்கு மேலே ஒரு குவிமாடம்

அக்காவின் புதிய பல் மருத்துவமனைதான் வளைவு தனியாக எடுத்துச் செய்த முதல் உள் அலங்கார வேலை. நேர்கோட்டைக் கண்டால் அதை வளைக்கக் கை அரிக்கும் என்பதால் வீட்டில் அவனுக்கு வைத்த பெயர்தான் வளைவு. அக்காவுக்குப் பிடித்தால் அவளுடைய டாக்டர் தோழிகள் தேடி வருவார்கள். பிடிக்காவிட்டால் பழைய முதலாளி முன் மறுபடி கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

சிகிச்சை அறையின் தட்டைக் கூரை முழுக்க, தானே வரைந்து அச்சடித்த ஒரே படத்தை ஒட்டியிருந்தான். தூண்கள் விறுவிறுவென்று மேலேறி, பொன் வளையங்கள் சுழன்று, மேகத்துக்கு நடுவே குவிமாடம் திறந்துகொண்டது.

அக்காவின் கணவர் வாசலிலேயே வாயைப் பிளந்தார். "மாப்ளே, கூரையப் பிச்சிட்டியா?"

"வெறும் படம், மாமா. ஐரோப்பாவுல பரோக் காலத்துச் சர்ச் கூரையில செஞ்ச வித்தை. குறிச்ச இடத்துல நின்னு பாத்தா நிஜம் மாதிரியே இருக்கும்."

"குறிச்ச இடம் எது?" என்றாள் அக்கா.

"இந்த வாசப்படிதான்."

"என் பேஷண்ட் வாசப்படியிலயா படுக்கப் போறாங்க? வா, நாற்காலியில படு."

வளைவு ஓரடி பின்வாங்கினான். அறை முழுக்க அங்குல அங்குலமாக அளந்தவன் அந்த நாற்காலியை மட்டும் எட்ட நின்றே அளந்திருந்தான். சின்ன வயதிலிருந்தே பல் டாக்டர் நாற்காலிக்கும் அவனுக்கும் ஆகாது.

மாமா அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் அமுக்கினார். படுத்து நிமிர்ந்து பார்த்தால், தூண்களெல்லாம் சாய்ந்து நேரே அவன் மூக்கின்மேல் விழ வந்தன.

"வர்றவங்க ஏற்கெனவே நடுங்கிட்டுத்தான் வர்றாங்க. வெள்ளையடிச்சிரலாமா?" என்றாள் அக்கா.

"நாற்காலியக் கொஞ்சம் நகத்தினா..."

"தண்ணிக் குழாய் தரைக்குள்ள போகுது. நகராது."

"அப்போ படுத்தவங்க கண்ணு இருக்கிற இடத்த அளந்து வேற படம் போடறேன்க்கா!"

"சரி, பேஷண்ட் மாதிரியே படு. வாயைத் திற."

"அளக்கறதுக்கு வாய் எதுக்கு?"

"வாயத் திறந்தா தலை பின்னால போகும். கண்ணும் கூடவே போகும்ல?"

வளைவு வாயைத் திறந்தான். மாமாவின் அளவு நாடா கூரையைத் தொடுவதற்குள், அவன் மாதக்கணக்காக ஒளித்து வைத்திருந்த கடைவாய்ப் பல்லை அக்காவின் குட்டிக் கண்ணாடி கண்டுபிடித்துவிட்டது.

"மேல குவிமாடம் நீ வரைஞ்சே. இந்தக் குழிய யாருடா வரைஞ்சது?"

பதில் சொல்ல வாய் காலியாக இல்லை. பல் குடையும் கருவி ரீங்கரித்தது. மாமாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டு பொன் வளையங்களை எண்ணத் தொடங்கினான்.

"முடிஞ்சுது. வலிச்சுதா?"

"இரு அக்கா, வளையம் எத்தனைன்னு எண்ணிட்டிருந்தேன். நீ பேசினதுல பாதியில விட்டுட்டேன்."

அக்கா அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பை முகக்கவசம் மறைத்துக்கொண்டது.

"அப்போ வெள்ளை வேண்டாம். என் பேஷண்டும் வலிய மறந்து எண்ணட்டும். தூணை மட்டும் நிமித்திக் குடு."