இருபதுக்கு முன்னால் ஒரு கோடு

மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிற மனிதர் அவர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவர் என்பதால், பாவங்களையும் அளவெடுத்த மாதிரித்தான் சொல்வார். வீட்டில் எரிந்து விழுந்தது இரண்டு தடவை, பூசைக்குப் பிந்திப் போனது ஒரு தடவை. கடைசியில், எச்சில் விழுங்குகிற நேரத்துக்குள், "வேலையில கொஞ்சம் கவனக்குறைவு ஃபாதர்" என்று சேர்த்துக்கொள்வார். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பங்குச் சாமியார் பாவமன்னிப்பு வழங்குவார். இவரும் பெஞ்சில் முழங்காலிட்டு, சொல்லச் சொன்ன செபங்களைச் சொல்லிவிட்டுப் புறப்படுவார். வீடு போய்ச் சேர்வதற்குள் நெஞ்சு பழையபடி கனத்துவிடும். நாலு மாதமாக இதே கதைதான்.

அந்தக் கவனக்குறைவு என்னவென்று அவராகச் சொல்லப் போவதில்லை, நாமே சொல்லிவிடலாம். கடையில் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவியின் தங்கை. முதலாளியிடம் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டவரே அவர்தான். அவள் எழுதும் சீட்டு பின்னறைக்கு வரும். அதில் உள்ளபடி இவர் லென்ஸைச் சட்டத்தில் பொருத்துவார். சில லென்ஸுகளை எத்தனை டிகிரிக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கும். ஒரு பள்ளி ஆசிரியைக்கு அவள் இருபது என்று எழுதியிருந்தாள். இவர் அடுத்த சீட்டில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, நூற்றிருபதில் வைத்துத் தொலைத்துவிட்டார். ஆசிரியை அந்தக் கண்ணாடியோடு மாடிப்படி இறங்கி, படி எது தரை எது என்று தெரியாமல் விழுந்து, மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். திரும்பச் சோதித்ததில் இருபதுதான் சரி என்று தெரிந்தது. முதலாளி பழைய சீட்டைக் கொண்டுவரச் சொன்னார். பின்னறையில் அதைக் கையில் எடுத்தபோதுதான் இவருக்கு விஷயம் விளங்கியது. சட்டைப் பையில் நீலப் பேனா இருந்தது. இருபதுக்கு முன்னால் ஒரே ஒரு கோடு. இழுத்துவிட்டார்; இருபது நூற்றிருபதாகிவிட்டது.

அன்றைக்கே அவளுக்கு வேலை போனது. போனால் போகட்டும், வேறு வேலை கிடைக்காதா என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அவள் வேறு எந்தக் கண்ணாடிக் கடையிலும் வேலை கேட்கப் போகவில்லை. ஒரு கூரியர் அலுவலகத்தில் கவர்களுக்கு நம்பர் எழுத உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு நம்பரையும் மூன்று தரம் படித்துப் பார்க்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தால், வெளியே போகும்போது பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு அக்காவையும் ஒரு தரம் இழுத்துப் பார்க்கச் சொல்லுவாள். "மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும், விடு" என்று அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னார் இந்த மகான். அவள் தலையாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை அவர் விட்டுவிட்டார்.

ஐந்தாவது மாதம் சாமியார் வழக்கம்போல் விட்டுவிடவில்லை. மாதா மாதம் இந்தக் கவனக்குறைவு வருகிறதே, அப்படி என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார். வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். எழுந்து போய்விடலாமா என்றுகூட இவருக்குத் தோன்றியது. பிறகு வாய் தானாகத் திறந்து, கோணம், கட்டுப் போட்ட கை, நீலப் பேனா என்று ஒன்று விடாமல் கொட்டியது. தன் குரல் தனக்கே அசிங்கமாகக் கேட்டது. சாமியார் திட்டவில்லை.

"கடவுள் மன்னிக்கிறார். அதுல சந்தேகமே வேண்டாம்" என்றார். "ஆனா அந்தப் பொண்ணு இன்னும் தன்னையே குத்தம் சொல்லிக்கிட்டு இருக்கு. அத நீங்கதான் நிறுத்தணும்."

மறுநாள் காலை முதலாளியிடம் போய்ச் சொன்னார். அவர் கத்தித் தீர்த்துவிட்டு, இனி இவர் பொருத்துகிற ஒவ்வொரு கண்ணாடியையும் இன்னொருவர் சரிபார்த்த பிறகே வெளியே விட வேண்டும் என்று உத்தரவு போட்டார். இருபத்திரண்டு வருட சர்வீஸுக்கு அது செருப்படிதான்; வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் தங்கையிடம் சொன்னார்.

அவள் "அப்ப நான் இருபதுன்னுதான் எழுதினேனா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். இன்னொரு தரம் கேட்டாள். மறுபடியும் ஆமாம் என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மனைவி அன்றிலிருந்து தட்டை மேஜையில் வைப்பாள், பேச மாட்டாள்.

மூன்று ஞாயிறுகள் தங்கை வரவில்லை. நாலாவது வாரம், மத்தியான வேளையில், கடைப் பின்னறைக்கே வந்து நின்றாள். ஒரு கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். தனக்குக் கண்ணாடி வேண்டும் என்று சீட்டை நீட்டினாள். அவள் கையெழுத்துதான்.

"வேற யாருகிட்டயாவது குடும்மா. உனக்குச் செய்யற யோக்கியதை எனக்கில்ல."

"அஞ்சு மாசம் என் கையயே நான் நம்பல மாமா. கோபம் சுத்தமா போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா மன்னிச்சுட்டேன். அத வாங்கிக்க மாட்டேன்னு நீங்க சொல்லாதீங்க."

திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், ஓங்கி அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆயத்தமாக இருந்தவர் அவர். இதற்கு அவரிடம் ஆயத்தம் எதுவும் இல்லை. சீட்டை வாங்கிப் பார்த்தார். எல்லாம் எழுதியிருந்தாள், கண்மணிகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் காலியாக விட்டிருந்தாள். அதை ஸ்கேலை வைத்து எதிரில் உட்கார்ந்துதான் அளக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தாள். ஸ்கேலை அவள் மூக்கின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எத்தனையோ ஆயிரம் பேரிடம் சொன்னதை அவளிடமும் சொன்னார்.

"நேரா என் கண்ணப் பாரும்மா."

அவள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஸ்கேலில் இருந்த கோடுகள் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தார், மறுபடியும் கலங்கின. அவள் இமைக்காமல், முகத்தை அசைக்காமல், அப்படியே காட்டிக்கொண்டிருந்தாள்.